பிறின்ஸின் ஒப்பரேசன்

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு டினோஷாவின் உடம்பு படாத பாடு பட்டது. குடும்பத்திட்டக் குளிசை குடித்தாள், விடிந்தால் வாந்தி. ஊசிக்கு மாறினாள், சொட்டுச் சொட்டாக இரத்தம் படுவது நிற்கவேயில்லை. கருப்பைக்குள் லூப் வைத்தார்கள், வாழைச்சேனையில் இறால் உரிக்கும் வேலைக்குக்கூடப் போக முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அதைக் கழற்றிவிட்டுக் கல்குடா வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவனிடம் சொன்னாள்.

"என்ட உடம்புக்குள்ள வைக்கிறதுக்கு இனி ஒண்டுமில்ல. நீங்க செய்யுங்க."

படகு எஞ்சின் திருத்துகிற பிறின்ஸ் பல நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஆண்மை போய்விடும் என்று பயம். டினோஷா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மருத்துவமாது றுமைஸா வந்து அவனுக்கு விளங்கப்படுத்தினாள். விதையிலிருந்து விந்தணு வருகிற இரண்டு குழாய்களையும் வெட்டிக் கட்டுவார்கள், அவ்வளவுதான்; ஆசையும் பலமும் இருந்தபடியே இருக்கும்; அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். இன்னும் என்னவெல்லாமோ சொன்னாள். கடைசியில் பிறின்ஸ் தனியாகப் போய்ச் செய்துகொண்டு வந்தான். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று டினோஷாவிடம் சத்தியம் வாங்கினான்.

அதற்குப் பிறகு இரண்டாம் மாதம் அவளுக்குத் தீட்டு வரவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. அடுப்படியில் நின்று அவனுக்குக் காட்டினாள். அவன் குச்சியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ வேலைக்குப் போற வேன்ல ஆரார் வாற?"

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் காதுமடல் எரிந்தது.

"என்ன கேக்கிறீங்க?"

"நான் வெட்டிப்போட்டு வந்தவன். இது எப்பிடி வந்தது எண்டு கேக்கிறன்."

ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றவன், பொழுதுபடுவதற்குள் தன் தாய் றீற்றாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். மாமி வந்து வாசலில் நின்றபடியே, பிள்ளைகள் மூன்றும் பார்த்திருக்க, "என்ட மகன்ட இல்லாததுக்கு இந்த வீட்டில இடமில்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் டினோஷா இருந்த வாங்குப்பலகையில் வேறொருத்தியும் வந்து இருக்கவில்லை.

அவள் அழவில்லை. மீன் வெட்டும்போது கத்தி பலகையில் இறங்கி நின்றது. ஆனால் தனியே இருக்கும்போது, தனக்கே தெரியாமல் ஏதும் நடந்திருக்குமோ, வேனில் அயர்ந்து நித்திரையானேனோ என்றெல்லாம் நினைப்பு ஓடியது. தன்னையே தான் சந்தேகப்படுமளவுக்கு வந்துவிட்டது.

கிளினிக்கில் றுமைஸாவிடம்தான் வாய் திறந்தாள். றுமைஸா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மூணு மாசம் ஆணுறை பாவிக்கச் சொன்னனே புள்ள, பாவிச்சயளா?"

"என்ன ஆணுறை?"

"யா அல்லாஹ். ஒனக்கு அவர் சொல்லல்லையா? குழாய வெட்டினாலும், வெட்டின இடத்துக்கு அங்கால ஏற்கெனவே போன விந்தணு உள்ளுக்கு மிச்சமிருக்கும். அது வெளிய போய் முடிய மூணு மாசமளவு செல்லும். மறுகா விந்தச் சோதிச்சுப் பார்த்து, ஒண்டுமில்ல எண்டு டொக்டர் சொன்னாத்தான் நம்பலாம். நானும் சொன்னன், ஒப்பரேசன் செஞ்ச இடத்திலயும் சொல்லியிருப்பாங்க."

டினோஷா எழும்பி நேரே பிறின்ஸின் பட்டறைக்குப் போனாள். அவனும் கூட்டாளி யோகராசாவும் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாசம் பொறுக்கச் சொன்னவங்களா இல்லையா?"

பிறின்ஸ் யோகராசாவைப் பார்த்தான். "வீட்ட போய்க் கதைப்பம்."

"வேன்ல ஆரார் வாற எண்டு இவருக்கிட்டயும் கேட்டிருப்பீங்கதானே. இவரும் கேக்கட்டும். சொன்னவங்களா?"

யோகராசா தலையைக் குனிந்துகொண்டான். வேன் கதை அவன் காதுவரைக்கும் போயிருக்கிறது என்று அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சொன்னவங்கதான்," என்றான் பிறின்ஸ். "வெட்டினா வெட்டினதுதானே எண்டு நெனச்சன். உறையப் போட்டுக்கிட்டு ஆர் கிடக்கிற?"

"நாளைக்குச் சோதிக்கக் குடுக்கிறீங்க. இல்லாட்டி நானும் பிள்ளைகளும் இந்த ஊரில இல்ல."

கொடுத்தான். டொக்டர் இருவரையும் கூப்பிட்டு இருத்தி, விந்தில் இன்னும் விந்தணு இருக்கிறது, குழந்தை தங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார். அடுத்த மாதம் திரும்பவும் சோதிக்க வேண்டும், அதுவரை ஆணுறை கட்டாயம் என்றார். பிறின்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வரும்வழியில் ஒரு கடையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன குடிக்கிறாய்?" என்று கேட்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் கனிவு இருந்தது. அந்தக் கனிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒண்டும் வேணாம். உங்கட அம்மாட வீட்ட விடுங்க."

மாமியின் முற்றத்தில், முன்வீட்டுப் பெண்கள் வேலிக்கு வந்து நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு "சொல்லுங்க" என்றாள். பிறின்ஸ் சொன்னான். வாய்க்குள் சொன்னான், கேட்கவில்லை என்றாள், திரும்பச் சொன்னான்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆம்பிளதானே, மறந்துபோனான். அதுக்கு இப்பிடி நாலுபேருக்கு முன்னால நிப்பாட்டுறயா?"

"என்னய நாலுபேருக்கு முன்னால நிப்பாட்டினது ஆர் மாமி? அவர் மறக்கல்ல. அவருக்குக் கரச்சலா இருந்திச்சு, விட்டுட்டார். அவர்ர பிழைக்கு என்னய வேசையாக்கினீங்க."

அவள் மோட்டார் சைக்கிளில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு பிறின்ஸ் அடங்கிப்போனான். தண்ணீர் அள்ளிக்கொடுத்தான், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போனான், இரண்டாவது சோதனைக்குக் கேட்காமலே போய்வந்தான். டினோஷா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆணுறை இனித் தேவையில்லை என்று அவன் வந்து சொன்னபோது, "தேவையே வராது" என்று பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் அறைக்குப் போனாள்.

மழைக்காலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு மாமி எல்லோருக்கும் முந்தி ஓடிவந்தாள். துணியை விலக்கிப் பார்த்ததும் அவளுடைய முகம் மலர்ந்தது.

"அப்பிடியே என்ட மகன்தான். மூக்கப் பாருங்க, நெத்தியப் பாருங்க. இனி ஆர் என்ன கதைக்கிற?"

பக்கத்துக் கட்டில்காரிகளும் எட்டிப் பார்த்து, ஓம், அப்பன்தான் என்றார்கள். பிறின்ஸ் சிரித்துக்கொண்டு நின்றான். தையல் வலியோடு டினோஷா எழும்பி, மாமியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள்.

"இவள் என்னப்போலப் பிறந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க மாமி?"

மாமியின் சிரிப்பு நின்றது. டினோஷா சுவர்ப்பக்கம் திரும்பி இருந்துகொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.