ஒரே சீருடையில் இருவர்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, என் மனைவிக்குச் சொந்தம். போன வாரம் துவைத்த படுக்கை விரிப்பை மடிக்க ஆளுக்கு ஒரு முனை பிடித்தோம். நான் வழக்கம்போல் சொதப்பினேன். அவள் என் கையிலிருந்து முனையைப் பிடுங்கி, மோவாயில் இடுக்கிக்கொண்டு, தனியாளாகவே மடித்து முடித்தாள்.

"எங்க கத்துக்கிட்ட?"

"யுனிவர்சிட்டில" என்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே அதை எழுதக் கை பரபரத்தது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[கல்விக்கடன் என்னும் பெருஞ்சுமை இளைய தலைமுறையின் தோள்களை—]

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன இது, மேடைப் பேச்சா?"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

[அந்த அறையில் மூன்று பேர் குடியிருந்தார்கள்: நெட்டை, குட்டை, கடன்.]

இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

நெட்டையும் குட்டையும் விடுதித் தோழிகள் வைத்த பட்டப்பெயர்கள். பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவள் குட்டை. இருவரும் வங்கியில் கடன் வாங்கித்தான் படித்தார்கள். இருவருக்கும் அவரவர் அப்பா ஜாமீன். படிக்கும்போதே வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"நாம தூங்கும்போதும் அது வேலை பாக்குது பாரு. நம்ம ரூம்லயே அதுதான்டி உழைப்பாளி" என்பாள் நெட்டை.

குட்டை விழுந்து விழுந்து சிரிப்பாள். விளக்கை அணைத்தபின், அடகு வைத்த வீடு கைவிட்டுப் போனால் அப்பா எங்கே போவார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

3.

பக்கத்து ஓட்டலின் சலவைக்கூடத்தில் ஒரே ஓர் இடம் காலி இருந்தது. நெட்டைக்குக் காலையில் வகுப்பு, குட்டைக்கு மதியம். ஒரு வேலையை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு சீருடை, ஒரு பேட்ஜ். பேட்ஜில் இருந்தது வேலையை விட்டுப்போன யாரோ ஒருத்தியின் பெயர். சாப்பாட்டு இடைவேளையில் குட்டை கழிவறைக்குள் போவாள், அதே சீருடையில் நெட்டை வெளியே வருவாள்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: காலையில் மேல்தட்டுத் துணியை எடுக்க முக்காலி கேட்டவள் மதியம் நின்றபடியே எட்டி எடுத்ததை சூப்பர்வைசர் அம்மா பார்த்தார். "சாப்பாடு உனக்கு நல்லா ஒத்துக்குது போல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.)

சீருடையின் பையில் அடுத்தவளுக்குப் பாதி பிஸ்கட் பாக்கெட்டை விட்டுவைப்பது அவர்களுடைய வழக்கம். குளிர் நாளில், இஸ்திரி இயந்திரத்திலிருந்து வரும் விரிப்பை ஒரு நொடி கட்டிப் பிடித்துக்கொண்டுதான் மடிப்பார்களாம். அந்தச் சூடு இப்போதும் நெஞ்சில் இருக்கிறது என்கிறாள் என் மனைவி. எந்த வீட்டிலும் அவள் அப்படி நிம்மதியாகக் குளிர் காய்ந்ததில்லையாம், எங்கள் வீடு உட்பட. இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

4.

கதையைப் படித்துப் பார்த்த நண்பர், "ரெண்டு பொண்ணு எதுக்கு? ஒருத்தியாக்கிடுங்க" என்றார். ஓட்டல்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். செய்து பார்த்தேன். ஒருத்தியே படித்தாள், துவைத்தாள், பயந்தாள். கதை வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் வட்டியைப் பற்றிய நகைச்சுவைக்குச் சிரிக்க ஆளில்லை. நெட்டையைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.

"அவ அவ்வளவு நல்லவளா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நல்லவன்னு யார் சொன்னா? என் சோப்பத்தான் தினமும் தேய்ப்பா."

5.

படிப்பு முடியும் தறுவாயில், சூப்பர்வைசர் அம்மா முதல் தடவையாக இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"முதல் வாரமே எனக்குத் தெரியும். வேலை ஒழுங்கா நடந்துச்சு, விட்டுட்டேன். இப்ப இந்த இடத்தை நிரந்தரமாக்கப் போறாங்க. நல்ல சம்பளம். திங்கக்கிழமை காலையில ஒருத்தி மட்டும் வாங்க. யாருன்னு நான் கேக்க மாட்டேன். ரெண்டு பேரா வந்து நின்னீங்கன்னா எல்லாம் வெளிய வந்துடும், என் வேலையும் சேர்ந்து போயிடும்."

வெளியே வேலை குதிரைக்கொம்பாக இருந்த காலம். படிப்பு முடிந்ததும் தவணை தொடங்கிவிடும். குட்டையின் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்திருந்தார். நெட்டையின் அப்பா ஓய்வு பெற்ற பிறகு காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடையில் இருந்த இரண்டு நாளும் இருவரும் ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள், திங்கட்கிழமையைத் தவிர.

6.

முடிவு ஒன்று: இருவரும் மற்றவளுக்காக விட்டுக்கொடுத்து, போகாமலே இருந்துவிட்டார்கள்.

"அவ்வளவு அசடுங்களா நாங்க?"

முடிவு இரண்டு: சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.

"சீட்டை யார் எடுக்கறதுன்னு அதுக்கு ஒரு சண்டை வந்திருக்கும்."

முடிவு மூன்று: குட்டை போனாள்.

மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அப்ப நெட்டை போனாளா?"

"ரெண்டு பேர் கடனும் எப்படியோ அடைஞ்சுது. இன்னைக்கும் அவ எனக்குப் போன் பண்றா. அந்தக் காலையைப் பத்தி மட்டும் நாங்க பேசினதே இல்ல. நீங்க எழுதினா அவளும் படிப்பா."

"படிச்சா என்ன?"

"எழுந்து போனவ சுயநலக்காரி ஆயிடுவா. போகாதவ தியாகி ஆயிடுவா. நாங்க ரெண்டும் இல்லங்க. ரெண்டு பேருக்கும் பயம், அவ்வளவுதான்."

பாத்திரத்தைக் கழுவியபடி, திரும்பாமல்தான் சொன்னாள். எனக்கு அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை.

7.

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை, விடியும் நேரம். சீருடை ஆணியில் தொங்குகிறது. குட்டை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நெட்டையின் கட்டில். அலாரம் அடிக்கிறது. போர்வையை விலக்கிக்கொண்டு முதலில் எழுந்தது

இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். முடிப்பது உங்கள் பாடு. யாரை எழுப்புவதானாலும் மெதுவாக எழுப்புங்கள். இன்னொருத்தி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.