எழும்பாத ஈ

ஆஃபியா தம்பிக்காகச் செய்த இரண்டு காரியங்களுமே பாசத்தில் செய்தவை. முதலாவதைச் செய்தபோது அவள் பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண். தம்பி முதஸ்ஸிருக்கு இடது கண்ணில் பார்வை மந்தம். நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடி வைத்தால்தான் சோம்பேறிக் கண் வேலை கற்றுக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அஜீசுன்னிசா ராயபுரத்தில் இறால் உரிக்கும் வேலைக்குப் போய்விடுவாள். தம்பியைப் பார்த்துக்கொள்வது ஆஃபியாவின் பொறுப்பு. ஒட்டுப்போட்ட கொஞ்ச நேரத்திலேயே பையன் சுவரில் முட்டிக்கொண்டு அழுவான். அவளுக்கு மனசு தாங்காது, கழற்றிவிடுவாள். அம்மா படியேறும் சத்தம் கேட்டதும் மறுபடி ஒட்டிவிடுவாள். அந்தக் கண் கடைசிவரை முழுசாகத் தேறவில்லை.

அது உறுத்தியதாலோ என்னவோ, வளர்ந்ததும் அவள் கண் பரிசோதனைப் படிப்பையே படித்தாள். டோல்கேட் பக்கம் ஒரு கண் கிளினிக்கில் வேலை கிடைத்தது. எர்ணாவூரில் கன்டெய்னர் யார்டு வைத்திருந்த ஒரு கம்பெனி தன் டிரைவர்களை அங்கேதான் பரிசோதனைக்கு அனுப்பும். அப்படித்தான் ஒருநாள் முதஸ்ஸிர் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். அதுவரை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, கன்டெய்னரைத் தூக்கி டிரெய்லரில் வைக்கும் பெரிய வண்டியில் வேலை வந்திருந்தது. மனைவி மாசமாக இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

சுவரில் இருந்த எழுத்துகளை மந்தக் கண்ணாலும் தட்டுத்தடுமாறி வேண்டிய வரிவரைக்கும் படித்துவிட்டான். மிச்சம் இருந்தது, எது கிட்டே எது தூரம் என்று ஆழம் பார்க்கும் சோதனை. ஆஃபியா அவனுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, பெரிய ஈயின் படத்தைக் கையில் கொடுத்தாள். உண்மையில் அதில் இருப்பவை இரண்டு படங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, கொஞ்சம் விலக்கி அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடி ஒரு படத்தின் ஒளியை வலது கண்ணுக்கும் மற்றதன் ஒளியை இடது கண்ணுக்கும் மட்டும் விடும். இரண்டு கண்ணும் காட்டும் சின்ன வித்தியாசத்தை மூளை சேர்த்துப் பார்க்கும்போது ஈ தாளைவிட்டு எழும்பி நிற்கும். இறக்கையைத் தொடப்போய்க் காற்றைக் கிள்ளிவிட்டு, பெரியவர்களே கூச்சத்தோடு சிரிப்பார்கள்.

முதஸ்ஸிர் விரலை நேராகத் தாளில் வைத்தான்.

"இன்னாக்கா இது? ஸ்கூல் புக்ல கீற மாதிரி ஒரு ஈ கீது."

அவனுக்கு ஈ எழும்பவே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. பிறந்ததிலிருந்து உலகத்தை அப்படியே பார்த்துப் பழகியவனுக்குத் தன்னிடம் எது இல்லை என்று எப்படித் தெரியும்? அடுத்த பக்கத்தில் இருந்த வட்டங்களில் எது எழும்பி நிற்கிறது என்று கேட்டாள். அவன் விழித்தான். அவள் பேனா நுனியால் ஒரு வட்டத்தின் பக்கத்தில் லேசாகத் தட்டினாள். "இதானா?" என்றான். "ம்" என்றாள். நேரமாகிறதென்று அக்கா அவசரப்படுத்துகிறாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

ஒற்றைக் கண் உள்ளவர்கள் வண்டி ஓட்டவில்லையா, இவன் இத்தனை நாள் வேன் ஓட்டவில்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆஃபியா தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது யார்டில் விபத்து நடந்தது. முதஸ்ஸிர் இறக்கிய கன்டெய்னர், டிரெய்லரின் மூலைப் பூட்டைச் சரிசெய்துகொண்டிருந்த யார்டுத் தொழிலாளி பாரியின் வலது கைமேல் உட்கார்ந்துவிட்டது. நாலு விரல்கள் போயின. இறக்கும் நேரத்தில் கையை உள்ளே விட்டது பாரியின் தப்பு என்று கம்பெனி சொல்லிவிட்டது. பாரியும் அதையே சொன்னான். முதஸ்ஸிர்மேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"அவன் கைய எடுக்கறதுக்கு டைம் இருந்துதுக்கா. பெட்டி இன்னும் மேலதான் கீதுன்னு நெனச்சேன். அன்னிக்கி மோடமா இருந்துச்சு, நெழலே வுழல. நான் எப்பவும் பெட்டியோட நெழலப் பாத்துதான் எறக்குவேன். நெழல் கிட்ட வந்தா பெட்டி கிட்ட வந்துச்சுன்னு அர்த்தம்."

"பாவம்டா, உன்மேல இன்னா தப்பு" என்றாள் அம்மா.

ஆஃபியா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவனிடம் இல்லாத ஒன்றின் இடத்தில் நிழலை வைத்து அவன் இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறான். அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அதற்கடுத்த வாரம் எர்ணாவூரில் பாரியின் குடியிருப்புக்குப் போனாள். முதஸ்ஸிரின் அக்கா என்றதும் பாரியின் மனைவி செங்கொடி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தம்பிய பேஜாராவ வேணாம்னு சொல்லுக்கா" என்றான் பாரி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "நான்தான் அவசரப்பட்டு கைய வுட்டேன். கபோதி மாதிரி."

சொல்லத்தான் வந்திருந்தாள். டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து வந்த தம்பியை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். மூடி இல்லாத பேனாவைத் தான் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவனைக் கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து மூடியைக் கொண்டுவந்து அதன்மேல் போடச் சொன்னாள். மூடி பேனாவுக்கு முன்னால் போனது. மறுபடி பின்னால் போனது. பிறகு அவனைப் பேனாவைப் பிடிக்கச் சொல்லி அவள் போட்டாள். ஒரே தடவையில் விழுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டபோது அவளுக்கும் தவறியது.

முதஸ்ஸிர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ உங்களுக்கெல்லாம் வேற மாதிரியா தெரியுது?"

"ஆமாடா."

"அது உனுக்கு அன்னிக்கே தெரியுமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டத்தின் பக்கத்தில் பேனாவால் தட்டியதை, சின்ன வயசில் ஒட்டைக் கழற்றிவிட்டதை. அழுதால் அவன் தேற்றவேண்டி வரும் என்று அழாமல் சொன்னாள்.

"கொயந்தைல அவுத்தது வேற. நீயும் கொயந்தைதான்" என்றான். "ஆனா இத நீ சொல்லியிருந்தா நான் வேனே ஓட்டிகினு இருந்திருப்பேன். பாரிக்கு வெரல் இருந்திருக்கும்."

அன்றைக்கே இருவரும் எர்ணாவூருக்குப் போனார்கள். இந்தத் தடவை ஆஃபியா உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் பாரி தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "அப்போ நான் சரியாதான் வேல செஞ்சேனா?" என்று மட்டும் கேட்டான். செங்கொடி வாசலுக்கு வந்து நின்றாள்.

"ராத்திரியெல்லாம் தூங்காம தன்னையே திட்டினு கீறாரு இந்த மனுசன். போன தபா வந்தியே, டீ குடிச்சியே, அப்போ ஏன் வாய் தொறக்கல?"

செங்கொடி வாசலைவிட்டு விலகி வழிவிட்டாள்.

"இப்போ சொன்னதுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. கெளம்பு."

மறுநாள் கிளினிக் டாக்டரிடம் சொன்னாள், பிறகு யார்டு மேனேஜரிடமும் சொன்னாள். அந்தக் கண்ணால்தான் விபத்து நடந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று மேனேஜர் கேட்டார். முடியாது என்றாள். ஆனால் பாரிதான் காரணம் என்றும் இனி யாரும் சொல்ல முடியாது என்றாள். கிளினிக்கில் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் கையெழுத்துப் போட்ட டிரைவர்கள் எல்லாரையும் வேறிடத்தில் மறுபடி பரிசோதித்தார்கள். முதஸ்ஸிர் வண்டியிலிருந்து இறங்கி யார்டு கேட்டில் லாரிகளை உள்ளே விடும் வேலைக்குப் போனான்.

இப்போது ஆஃபியா யானைக்கவுனியில் ஒரு கடையில் கண்ணாடிக்கு ஃபிரேம் பொருத்திக் கொடுக்கிறாள். யாருடைய கண்ணையும் சோதிப்பதில்லை. தம்பி பேசுகிறான், முன்பு போல இல்லை. போன மாதம் கடைக்கு போன் பண்ணினான்.

"பாரிய திரும்ப எடுத்துட்டாங்கக்கா. என்கூட கேட்லதான். லெஃப்ட்டு கைல எழுத கத்துகினு கீறான்."

"நான் ஒரு தடவ வந்து பாக்கட்டுமா?"

அவனுக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"வேணாங்கா. செங்கொடி தெனமும் சோறு எடுத்துகினு வருது. நீ வராத."

"சரிடா" என்றாள் ஆஃபியா.