முத்து பீவி சூரியனை இறக்கிய காலை

1

கிட்ட வாருங்கள் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்லவேண்டிய கதை. ஆனால் சத்தம் போட்டால் எனக்கு மூச்சு வாங்கும்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம், பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றின் மாடியில், அந்தக் காலத்துக் கருவிகளைப் பரப்பி வைத்திருக்கும் சின்ன அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். வீடு திரும்பியும் கால் தரையில் பாவவில்லை. அங்கே ஒரு கருவிக்குள் கண்டதை நானே கண்டதாகச் சொன்னால் கட்டுரையாகிவிடும். அதைப் பார்க்க வேறொருத்தியின் கண் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நஜ்லாவையும் அவள் தாயையும் உண்டாக்கி, காயல்பட்டினத்தில் பஸ் ஏற்றிவிட்டேன்.

‘துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கறுத்த கடலைப் பார்த்தபடி நஜ்லா—’

(வேண்டாம். இந்தக் கதைக்கு நல்ல வெயில் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.)

2

‘மாமியார் முத்து பீவியின் கெடுபிடிக்கு அஞ்சி நஜ்லா—’

(இதுவும் போகட்டும். காயலில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அது தெரிந்த நானே பழக்கதோஷத்தில் ஒரு மாமியாரைத் தேடிப் போயிருக்கிறேன் பாருங்கள்!)

ஆக, முத்து பீவி நஜ்லாவைப் பெற்றவள். நஜ்லா இயற்பியல் படித்தவள். கல்யாணமாகி, யுஸ்ரா பிறந்து இரண்டு வருஷமாகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கருவிகளை விளக்கிச் சொல்ல அந்த அருங்காட்சியகத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அதை நடத்துகிற அம்புரோஸ் கப்பலில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நஜ்லாவைப் பிடித்துப்போயிற்று. ஆனால் இன்றைக்குள் பதில் வேண்டும் என்றார். மத்தியானம் வேறொரு பெண் வருகிறாளாம்.

துபாயிலிருந்து கணவன் ஸைத், “உம்மா பிள்ளையப் பாத்துக்கிட்டா எனக்குச் சம்மதம்” என்று போனை வைத்துவிட்டான். எல்லாம் உம்மா முத்து பீவியின் கையில். நஜ்லா அவளை நேரில் கூட்டி வந்ததும் அதனால்தான். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள்.

பஸ்ஸிலேயே முத்து பீவி சொல்லிவிட்டாள்: “ஏளா, நாலு பிள்ளைய வளத்துட்டு இப்பதான் கை சும்மா இருக்கு. காலையில ஒரு சாயாவக் குடிச்சுட்டு, ஒருத்தருக்கும் பதில் சொல்லாம உக்காந்திருக்கேன். அதையும் உங்கிட்ட குடுத்துரணுமா?”

(அவளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இதைக் கேட்டபிறகு பேனா ஓடவில்லை. அவள் கேட்பதில் என்ன தப்பு?)

நஜ்லா ஜன்னலோரம் திரும்பிக்கொண்டாள்.

3

உள்ளே நுழைந்ததும் முத்து பீவியின் கண்ணில் பட்டது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பித்தளைத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் துளைகள்.

“இடியாப்பத் தட்டுக்கா டிக்கெட் போட்டு வச்சிருக்கிய?”

“முத்து சலிக்கிறதும்மா,” என்றார் அம்புரோஸ். “பெருசு மேல நிக்கும், பொடிசு கீழ போயிரும்.”

“எம்பேரும் முத்துதான் அண்ணாச்சி. என்னையப் போட்டா எந்தத் தட்டுல நிப்பேன்?”

“உங்களுக்குத் தட்டு புதுசாத்தான் அடிக்கணும்.”

நஜ்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும், உம்மா சிரித்துச் சிரித்தே ‘வேண்டாம்’ சொல்லக்கூடியவள். அதற்குத் தகுந்த மாதிரி அடுத்த கேள்வியும் வந்தது: “இப்ப எல்லாந்தான் போன்ல தெரியுதே. இந்தப் பழைய பித்தளையத் தொடைக்கவா தினம் பஸ் ஏறப் போற?”

அம்புரோஸ் மூன்று கண்ணாடி அலமாரிகளைத் திறந்து—

(இல்லை, இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. மொட்டை மாடிக்குப் போய்விடுவோம்.)

4

மொட்டை மாடி. காலை பத்து மணி. கிழக்கே கடல் முழுக்க வெயில்.

நஜ்லாவின் கையில் செக்ஸ்டன்ட். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற பித்தளைக் கருவி. கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடிகளைச் சரிபார்த்து, அதை உம்மாவின் கண்ணருகே பிடித்தாள்.

“கடல் முடியுற கோட்டைப் பாருங்க உம்மா. இந்தக் கருவியோட பித்தளைக் கைய மெள்ள நகர்த்துங்க.”

முத்து பீவி நகர்த்தினாள். மேலேயிருந்து சூரியன் கண்ணாடிக்குள் வழுக்கி இறங்கியது. இறங்கி, இறங்கி, கடல்மேல் வந்து உட்கார்ந்தது.

“யா ரப்பே! கிழக்குக் கடல்லயா மறையுது! கியாமத்து நாளாளா இது?”

(உலகம் முடியும் நாளா என்று கேட்கிறாள். கேட்காமல் என்ன செய்வாள்? நம் கரையில் பிறந்த எவருக்கும் சூரியன் கடலிலிருந்து எழும். பனைமரங்களுக்குப் பின்னால் மறையும். அது நம் கடலில் இறங்கி யார் பார்த்தது? பார்த்தபோது நானும் கத்திவிட்டேன். இதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டி வந்தேன்!)

“கண்ணாடி செய்யுத வேலை உம்மா. கண்ணை எடுத்துப் பாருங்க, மேலதான் இருக்கு.”

முத்து பீவி தலையைத் தூக்கி, வெயிலுக்குக் கையைக் குடைபிடித்துப் பார்த்தாள். மறுபடி கருவிக்குள் பார்த்தாள். ஏற்றினாள். இறக்கினாள்.

“நோன்பு மாசத்துல இது எங்கிட்ட இருந்திருந்தா, பொழுது அடைஞ்சிட்டுன்னு பத்து மணிக்கே நோன்பத் தொறந்திருப்பேன்!”

அம்புரோஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நஜ்லா அதைக் கவனித்தாள்.

5

இனி முடிவு.

‘சரி போ, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்’ என்று முத்து பீவி சொல்லலாம். நாமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். ஆனால் அவளுடைய காலைச் சாயா ஆறிப்போகுமே.

‘யுஸ்ரா பள்ளிக்கூடம் சேரட்டும்’ என்றும் சொல்லலாம். அதுவும் நியாயம். ஆனால் மத்தியானம் அந்த வேறொரு பெண் வந்துவிடுவாள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் யாரோ ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு படியிறங்குகிறாள்.

எழுத முடிந்தது இவ்வளவுதான்:

“உம்மா,” என்றாள் நஜ்லா. “அவருக்குப் பதில் சொல்லணும். நான் வேலைக்கு வரட்டுமா?”

“பொறுளா. இன்னும் ஒருதரம் இறக்கிட்டுச் சொல்லுதேன்.”

முத்து பீவி கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கென்று ஒரு சூரியன் கடல்மேல் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை. நஜ்லாவைக் காத்திருக்க வைக்கவும் மனசில்லை. முத்து பீவி கண்ணை எடுத்ததும் என்ன சொல்லுவாள் என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். உங்களை வளர்த்தவளை ஒருதரம் நினைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் வெளியே போக ஆசைப்படுகிறவளுக்கு வழி திறக்கட்டும். வீட்டில் இருக்கிறவளுக்கு அவளுக்கே அவளுக்கென்று ஒரு காலை வாய்க்கட்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நன்றாக இருக்கட்டும்.