ஓங்கிய கையோடு ஒரு வாரம்

எனக்கு என் ஓரகத்தியைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் அக்கா என்பேன். மனசுக்குள் எப்போதும் வெறும் 'அவள்'தான். தெருவில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் வேலை பார்த்ததில்லை. பதினெட்டு வருஷம் சபையில் ஞாயிறு பள்ளி எடுத்தாள். போன வருஷம் நாலைந்து பெற்றோர் போய் என்னவோ சொல்ல, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா" என்று பாஸ்டர் நயமாக அனுப்பிவைத்துவிட்டார்.

அந்த ஓய்வு எங்கள் தலையில் விடிந்தது. அவள் கணவர் அண்ணன், என் கணவர் தம்பி; இரண்டு பேரும் கீழே மரப்பட்டறை நடத்துகிறார்கள். மேலே இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையல்கட்டு, ஒரே சாப்பாட்டு மேசை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மேசை வகுப்பாகிவிடும். அவளுடைய மகளுக்குப் பதினான்கு வயசு, மகனுக்குப் பத்து, என் பொடியனுக்கு ஐந்து. மூன்று பேருக்கும் ஒரே பைபிள் கதை. கதை முடிந்ததும் பெரியவளுக்குப் பத்துக் கேள்வி, நடுவுள்ளவனுக்கு ஐந்து, பொடியனுக்குப் படம் வரையத் தாளும் கலர் பென்சிலும். வயசுக்கு ஏற்ற மாதிரி சொல்லிக்கொடுப்பது என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.

ஒருமுறை நான் வாயைத் திறந்தேன். நோவா கதைக்குப் பொடியன் பேழையை வரைந்து, அதைச் சுற்றிலும் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டிருந்தான். என்னடா இது என்றேன். "தலைங்கம்மா" என்றான்.

"அக்கா, அவனுக்கு மட்டும் யானை, ஒட்டகச்சிவிங்கி, வானவில்லோட நிறுத்திக்கலாமே" என்றேன், பதமாகத்தான்.

"வேதத்துல பெரியவங்க பக்கம், சின்னவங்க பக்கம்னு தனித்தனியா அச்சடிச்சிருக்கா?"

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. கீழே அண்ணன் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது; ஒரே கதவை இரண்டு பேரும் முகம் பார்க்காமலே நிலையில் மாட்டினார்கள். "விட்டுத்தொலையேன்" என்றார் என் கணவர். விட்டுத்தொலைத்தேன்.

போன சனிக்கிழமை ஆபிரகாம் கதை. நான் சமையல்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கதவு. அது திறந்தேதான் இருந்தது. மகனைப் பலி கொடு என்று கடவுள் அப்பாவிடம் கேட்டார் என ஆரம்பித்தாள். அவளுக்கு வெறுமனே சொன்னால் போதாது, நடித்தாக வேண்டும். பட்டறையிலிருந்து துண்டுக்கட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, கட்டி, பொடியன் தோளில் ஏற்றி, மேசையைச் சுற்றி மூன்று தடவை நடக்கவிட்டாள். அதுதான் மலையாம். பிறகு அவனையே மேசைமேல் படுக்கவைத்தாள். நடுவுள்ளவன் மர ஸ்கேலை ஓங்கிக்கொண்டு நின்றான்.

"கத்தி மேல போயாச்சு! அப்பா கையை ஓங்கிட்டாரு! அப்புறம் என்ன ஆச்சு? மீதி அடுத்த வாரம்!"

இது அவளுடைய பழைய தந்திரம். உச்சத்தில் நிறுத்தினால்தான் பிள்ளைகள் மறுவாரம் ஓடிவருவார்களாம். பெரியவை இரண்டும் சிரித்தன. அவர்களுக்கு முடிவு தெரியும். பொடியனுக்குத் தெரியாது. அவன் சத்தமே இல்லாமல் மேசையிலிருந்து இறங்கினான். கதவு வழியாக அதைப் பார்த்தேன். தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

மொட்டைமாடியில் ஊஞ்சல் போட்டுத்தருவதாக என் கணவர் ரொம்ப நாளாகப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கட்டைகளை அறுத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வாடா ராஜா, இந்தச் சின்னக் கட்டையெல்லாம் நீ தூக்கிக்கோ. மேல போலாம், நீயும் நானும் மட்டும்."

அவர் கையில் உளி இருந்தது. பிள்ளை போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியவனை வெளியே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. கால்சட்டை நனைந்திருந்தது.

அப்பா ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளை, அப்பா உள்ளே வந்தால் எழுந்து வெளியே போனான். "நான் என்ன பண்ணேன்?" என்று அவர் என்னிடம் கேட்டார். மெஷின் சத்தத்தில் பயந்திருப்பான் என்றேன். புதன்கிழமை பொடியன் என் காதில் கேட்டான்: "அம்மா, அப்பாகிட்ட கடவுள் பேசுவாரா?"

"பேசாம இருப்பாரா? தினமும் காலையில ஜெபம் பண்றாரே!" என்றேன் நான், பெரிய பக்திமான் மாதிரி. மறுநாளிலிருந்து அவர் கண்ணை மூடி ஜெபிக்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேனோ என்னவோ.

இந்தச் சனிக்கிழமை பெரியவள் அவனைக் கூப்பிட வந்தாள். அவன் வரமாட்டேன் என்று என் காலைக் கட்டிக்கொண்டான்.

"சித்தி, முடிவை என்கிட்ட தினமும் கேக்குறான். 'அப்பா குத்திட்டாரா, அப்பா குத்திட்டாரா'ன்னு. அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொடியனைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எந்திரி. அது என் இடம்" என்றாள்.

"தெரியும். இன்னிக்கு நான் சொல்றேன்."

"நீயா? ஆகார் யாரு, ரெபெக்காள் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"என் பிள்ளை யாருன்னு தெரியும். ஒரு வாரமா அவன் தலைக்கு மேல கத்தியை நிறுத்தி வச்சிருக்கீங்க."

"பிள்ளையைக் கோழையா வளர்த்துட்டு என்னைச் சொல்லாத. பதினெட்டு வருஷம் எத்தனை பிள்ளைங்களுக்கு..."

"அதான், பதினெட்டு வருஷம் கழிச்சு எதுக்கு அனுப்பினாங்க? எத்தனை பிள்ளைங்க படுக்கையை நனைச்சுதுன்னு சபைக்கே தெரியும்."

சொல்லக் கூடாததுதான். ஆனால் சொன்னபோது எனக்கு இனித்தது. அவள் முகம் செத்துப்போனது. கீழே ரம்பச் சத்தம் நின்றது. சண்டையைக் கேட்டு என் கணவர் படியேறி வந்து வாசலில் நின்றார், உடம்பெல்லாம் மரத்தூளோடு. பொடியன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நான் முடிவைச் சொன்னேன். அந்தக் கத்தி கீழே வரவே இல்லை. மேலேயிருந்து ஒரு குரல் வேண்டாம் என்று தடுத்துவிட்டது. பிள்ளைக்குப் பதிலாகப் புதரில் ஒரு ஆட்டுக்கடா மாட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்து, அப்பா பிள்ளையை இறக்கிவிட்டார். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான், ஐந்து வாக்கியம். ஒரு வாரமாக இதைத்தான் அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

பொடியன் தலையைத் தூக்கினான்.

"அந்தப் பையனோட அம்மா எங்க இருந்தாங்க?"

டீச்சரைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருப்பவள். "சாராள் வந்து..." என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டாள்.

"சமையக்கட்டுல இருந்திருப்பாங்க" என்றான் அவனே. "அவங்களுக்குக் கேக்கலையா?"

அவளைத் திட்டுவதை விட்டுவிட்டு, அவன் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"கேட்டுச்சுடா" என்றேன். "கேட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டா. தப்புதான்."

வாசலில் நின்றவர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். உளியைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"ஊஞ்சல் கட்டலாம், வர்றியாடா?"

பொடியன் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மடியிலிருந்து இறங்கி, என் விரலைப் பிடித்து இழுத்தான்.

"நீயும் வா" என்றான். "இந்தத் தடவை நீயும் வா."