கழிவறையில் எரிந்த பல்பு

1

இந்தக் கதை என் அண்ணி போட்ட சண்டையில் பிறந்தது. மின்னணுக் கழிவுகளைப் பிரித்து உடைக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. போன மாதம் அவரை வைத்து ஒரு பத்திரிகையில் கதை எழுதினேன். பெயர் போடவில்லை, பெரிய புத்திசாலி மாதிரி. மேலாளர் படித்துவிட்டு, அண்ணியை வீட்டில் உட்காரவைத்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை.

"தம்பி, நீங்க எழுதிக் கெடுத்தத நீங்களே எழுதிச் சரிபண்ணுங்க. எல்லாம் கற்பனைன்னு எழுதுங்க" என்றார் அண்ணி.

2

முதல் முயற்சி: ஒளியின் கல்லறையைப் போல் குவிந்து கிடந்த பல்புகளின் நடுவே அவள்... (அண்ணி படித்தார். அந்தத் தூசியில் தும்மவே நேரம் போதாது என்றார். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: அந்தப் பெண் ஒருநாளும் எந்தப் பல்பையும் பழுது பார்த்த... (பொய். பேனா நகர மறுக்கிறது.)

3

நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன். எல்இடி பல்புக்குள் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் சில்லுகள் ஒரே தொடராக இருக்கும். ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். கருகியதன் மேல் ஒரு சொட்டு ஈயம் உருக்கி வைத்தால் மற்றவை எரியும்.* அண்ணிக்கு அது கைவந்த வேலை. ஆனால் உள்ளே வந்த பல்பு உடைந்துதான் வெளியே போக வேண்டும் என்பது கூடத்தின் விதி.

அங்கே பெண்கள் கழிவறையில் ஏழு மாதமாக விளக்கு இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நாளெல்லாம் பல்பு உடைக்கிற இடத்தில், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு காவல் நின்றாள். அண்ணி ஒரு பல்பைச் சரிசெய்து அங்கே மாட்டினார். அவ்வளவுதான்.

நான்தான் விறுவிறுப்புக்காக 'ரகசியமாக எடுத்தாள்' என்று எழுதினேன். மேலாளர் அதைத் திருட்டு என்று படித்தார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

* வீட்டில் செய்து பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், ஃபியூஸ் போனது. அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.

4

முடிவு ஒன்று: கற்பனை என்று சாதித்து அண்ணி தப்பிக்கிறார். முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார், வேலை போகிறது. இரண்டிலும் கழிவறை இருட்டுதான். அந்தப் பல்பைச் சாட்சியாகக் கழற்றிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் படித்துக் காட்டினேன். அண்ணி பேனாவை எடுத்து என் கையில் திணித்தார்.

"கற்பனைன்னு எழுதாதீங்க. நான்தான் மாட்டினேன்னே எழுதுங்க. பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, ஏணி போட்டு ஏறி மாட்டினேன். அதப் போயி ரகசியம்னு எழுதிட்டீங்களே."

எழுதிவிட்டேன். மேலாளர் ஐயா, போன கதையைப் படித்த நீங்கள் இதையும் படிப்பீர்கள். முடிவை நீங்களே எழுதுங்கள். அதற்கு முன் ஒருமுறை அந்தக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் இடதுபக்கம் இருக்கிறது. தடவிப் பார்த்தால் கிடைக்கும்.