படத்தில் உள்ள குழந்தை

லேபிளில் படமாக இருப்பது டப்பாவுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது நாங்கள் சரக்கு அனுப்பும் நாட்டின் இறக்குமதி விதி. நியாயமான விதிதான். எங்கள் விருதுநகரில் தேன் ஏற்றுமதி செய்பவர் லேபிளில் மலையைப் போட்டிருந்தார்; மலையில் ஒரு பங்கை வெட்டி ஏற்றிவிட்டார். கம்பு மாவுக்காரர் மழையைப் போட்டுவிட்டு, ஐப்பசி வரும்வரை காத்திருந்தார்.

எங்கள் சத்துமாவு டப்பாவில் என் மகள் கனிஷ்காவின் படம் இருந்தது. எங்கள் பக்கம் தொழில் தொடங்கினால் பிள்ளையின் பெயரைத்தான் வைப்போம், முகத்தையும் போடுவோம். முதல் பிறந்தநாளுக்கு எடுத்த படம் அது. அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள்.

சரக்கு அங்கே போய் இறங்கியதும், தூத்துக்குடியிலிருந்து கிளியரிங் ஏஜென்ட் மச்சாது போன் செய்தார்.

"அண்ணாச்சி, பயறு, கம்பு, ஏலக்காய் எல்லாம் சரியா இருக்காம். பிள்ளை மட்டும் இல்லங்காங்க. ‘படத்தில் உள்ள குழந்தை உள்ளே இல்லை’ன்னு டப்பாவுல ஒரு வரி ஒட்டுனா விட்டுருவாங்க. இல்லேன்னா கன்டெய்னர் திரும்பிரும்."

அந்த வரியை அச்சுக்குக் கொடுக்கக் கிளம்பினேன். என் மனைவி மங்களேஸ்வரி வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல இல்ல, சரி. டப்பாவுலயும் இல்லன்னு எழுதிருவீங்களோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு மச்சாதுவைக் கூப்பிட்டு மறுபரிசோதனைக்கு மனுப் போடச் சொன்னேன். மேலாகக் கிளறிப் பார்த்திருப்பார்கள், அடிவரை பார்க்கட்டும். மங்களேஸ்வரி போனை வாங்கினாள்.

"புது ஆள்னா முகத்தைத் திருப்பிக்கிடுவா அண்ணே. அதட்டாம, கனின்னு கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

மச்சாது அதையும் மனுவில் சேர்த்தார்.

அடுத்த வாரம் பதில் வந்தது.

"அண்ணாச்சி, பிள்ளை இருக்காளாம். கூப்பிட்டதும் வந்துட்டாளாம். ஆனா படம் தப்புங்காங்க. படத்துல ஒரு வயசு, உள்ள இருக்க பிள்ளைக்கு ஏழு நடக்காம். முன்பல் ரெண்டும் விழுந்திருக்காம். இந்தத் தடவை விட்டுட்டாங்க, அடுத்த லோடுக்குப் படத்தை மாத்தணும்."

மங்களேஸ்வரி விரல் விட்டு எண்ணினாள். ஏழு சரிதான் என்றாள்.

ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, லேபிளுக்கு ஏழு வயதுப் பிள்ளையைப் படம் எடுக்க வேண்டும் என்றேன். வெளிச்சம் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

மங்களேஸ்வரி சீப்பையும் ரிப்பனையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவின் மூடியைத் திறந்தாள்.