காகிதத்தில் இல்லாத கேள்வி

சட்டக் கல்லூரியில் மாதிரி வழக்கு நடத்தும்போது சாட்சிகளை வெளியிலிருந்துதான் அழைத்து வருவார்கள். சட்டம் படிப்பவர்களைக் கூண்டில் ஏற்றினால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள், திருப்பிக் கேள்வி கேட்பார்கள். வருகிற சாட்சியின் கையில் ஒரு காகிதம் கொடுப்பார்கள்: நீ யார், எதைப் பார்த்தாய், அவ்வளவுதான். காகிதத்தில் இல்லாததை வக்கீல் கேட்டுத் தொலைத்தால் சாட்சி வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்; அதுவும் உண்மையென்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே குறுக்கு விசாரணையில் "ஏன்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று சாட்சியச் சட்ட ஆசிரியர் வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.

அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது விலங்கியல் பட்டப்படிப்பில் வகுப்பு வைத்த பெயர். சட்டக் கல்லூரி வரை கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பேக்கரிக் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தையல்காரருக்காக அவள் வாதாட வேண்டும். வருஷ மதிப்பெண்ணில் பாதி இந்த வழக்குக்குத்தான்.

அரசுத் தரப்புச் சாட்சி கூண்டில் ஏறியதும் ரேடியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வந்தவள் கோட்டான்.

விலங்கியல் படித்த மூன்று வருஷமும் இருவருக்கும் ஒரே மைக்ராஸ்கோப், ஒரே விடுதி அறை. ரேடியோ பேசிக்கொண்டே இருப்பாள், அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஊமைக்கோட்டான் என்று ஆரம்பித்த பெயர்தான் கோட்டான் என்று சுருங்கியது. கரப்பான்பூச்சியின் குடலை அறுபடாமல் எடுப்பதில் கோட்டானை அடிக்க ஆள் கிடையாது. ரேடியோ எடுத்தால் பாதிப் பூச்சி மேஜையில் இருக்கும், மீதியை எல்லோரும் தேடுவார்கள். நகமும் சதையுமாக இருந்தார்கள்.

கடைசிச் செய்முறைத் தேர்வு முடிந்த அன்று கோட்டான் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போன் செய்தால் எடுக்கவில்லை. அவளுடைய வெள்ளைக் கோட்டில் ஒருநாள் தான் சாயத்தைக் கொட்டியதுதான் காரணமென்று முடிவுகட்டி, ரேடியோ புதுக் கோட்டு வாங்கி அனுப்பினாள். போன வேகத்தில் அது திரும்பி வந்தது. என்ன குற்றமென்று சொல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாதென்று பிற்பாடு சட்டப் புத்தகத்தில் படித்தாள். படித்து என்ன? மனசு ஆறவே இல்லை.

தையல்காரர் கல்லெறிந்ததைப் பார்த்தேன் என்று கோட்டான் சொல்லி முடித்ததும் ரேடியோ குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள். "நீங்களும் டெய்லரும் பேசிக்கறதில்ல, சரிதானே?" என்று கேட்டாள்.

"சரிதாங்க." காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

பகையுள்ள சாட்சியை யார் நம்புவார்கள்? இத்தோடு உட்கார்ந்தால் வழக்கு கையில். கூட வாதாடும் மாணவன் அவளுடைய கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தான்.

"ஏன்?" என்றாள் ரேடியோ.

நீதிபதி நாற்காலியில் இருந்த ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோட்டான் காகிதத்தை மடித்து வைத்தாள். "சொல்றேங்க. என்கிட்ட யாராவது பேர் கேட்டாக்கூட டெய்லர்தான் பதில் சொல்லுவார். எனக்குப் பசிக்குதா, தூக்கம் வருதா, எல்லாம் அவரே சொல்லிடுவார். முதல்ல சௌகரியமாத்தான் இருந்துச்சு. கடைசித் தேர்வுல பரிசோதகர் ஒரு ஸ்லைடைக் காட்டி என்னைக் கேட்டார். எனக்கு நல்லாத் தெரிஞ்சதுங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள..."

"டெய்லர் சொல்லிட்டாரா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க."

"பரீட்சை ஹாலுக்குள்ள டெய்லர் எப்படிம்மா வந்தார்?"

"அவரை யாருங்க தடுக்க முடியும்?"

வகுப்பே சிரித்தது. ரேடியோவுக்கு முகம் சுட்டது. அந்தத் தேர்வில் முந்திக்கொண்டு பதில் சொன்னபோது, தோழியைக் காப்பாற்றிவிட்டோமென்று அவள் எவ்வளவு பெருமைப்பட்டாள்!

"அதை டெய்லர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றாள் ரேடியோ.

"சொல்ல ஆரம்பிச்சேங்க. முடிக்க விட்டாத்தானே?"

நீதிபதி ரேடியோவைப் பார்த்தார். "கேள்வி உங்களோடது. வேணும்னா இதோட நிறுத்திக்கலாம்."

"வேணாம் ஐயா. அவங்க முடிக்கட்டும்."

கோட்டான் அவசரப்படவில்லை. ரேடியோவின் நாக்கு நுனியில் நாலைந்து பதில்கள் முண்டியடித்தன; அத்தனையையும் விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க," என்றாள் கோட்டான். "கூப்பிடத்தான் கூச்சமா இருந்துச்சு. இன்னிக்கு வக்கீல் யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சாட்சியா வரேன்னே சொன்னேன்."

"அப்போ டெய்லர் மேல இப்போ பகை எதுவும் இல்ல?" என்று ரேடியோ கேட்டாள்.

"இல்லவே இல்லைங்க. அவர் இல்லாம எனக்குத்தான் பொழுதே போகல."

கூட வாதாடியவன் மேஜையில் கவிழ்ந்து படுத்துவிட்டான். பகையில்லாத சாட்சி, அதிலும் இவ்வளவு நெருங்கிப் பழகிய சாட்சி, கல்லெறிந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்கிறாள். தையல்காரர் தப்பிக்க இனி வழியே இல்லை.

"எதிர்த்தரப்பு என்ன சொல்லுது?" என்றார் நீதிபதி.

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"குற்றத்தை ஒத்துக்கறோம் ஐயா," என்றாள்.